வாசகர் கேள்வி பதில்: பைகாராவில் பவர் ஹவுஸ் எங்கே?

கேள்வி: ஊட்டி போனபோது பைகாரா ஏரியில் படகில் சுற்றினோம். பழைய மின் நிலையம் என்று ஊரே சொல்கிறது, ஆனால் கண்ணுக்கு ஒன்றுமே தென்படவில்லையே?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தென்படாது. பவர் ஹவுஸ் இருப்பது மலைக்குக் கீழே, மசினகுடி பக்கம் சிங்காராவில். பைகாரா தண்ணீர் மலை விளிம்பிலுள்ள கிளன்மார்கன் அணைக்குப் போய், அங்கிருந்து இரும்புக் குழாய்களில் 3000 அடிக்கு மேல் சரிந்து இறங்குகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து வரும் தண்ணீர் கீழே குழாய் வாயில் எந்த அழுத்தத்தில் நிற்கும் என்றால், உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றைப் போல ஏறக்குறைய நாற்பது மடங்கு! அது மெல்லிய தாரையாகப் பீய்ச்சிக்கொண்டு வந்து, பெல்ட்டன் சக்கரம் என்ற டர்பைனின் விளிம்பிலுள்ள கிண்ணங்களில் அடிக்கும், சக்கரம் சுற்றும், கரண்ட் வரும். ஆக, இங்கே வேலை செய்வது ஏரியின் அகலம் இல்லை, மலையின் உயரம்தான்.

1932-ல் இங்கே உற்பத்தி தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் நீர்மின் நிலையம் இதுதான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், நம்பாதீர்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கரண்ட் போய்விட்டது. ஆனால் கோயம்புத்தூரில் அடுத்தடுத்து மில்கள் முளைத்ததற்கு பைகாரா மின்சாரம் ஒரு பெரிய காரணம், அதை யாரும் மறுக்க முடியாது. உங்கள் ஊர் பனியன் தொழிலுக்கு நூல் கொடுத்த மில்களும் அதில் அடக்கம்.

கேள்வி: கோடையில் ஏரி இறங்கி, கரையெல்லாம் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. சுற்றுலாவுக்காகக் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைத்தால் என்ன?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: படகு விடுவதற்காக யாரும் இந்த அணையைக் கட்டவில்லையே சார்! சாயங்காலம் ஊர் முழுக்க லைட்டும் ஃபேனும் ஓடும்போது, அனல்மின் நிலையத்தைச் சட்டென்று ஏற்றி இறக்க முடியாது, நீர்மின் நிலையத்தைச் சில நிமிடங்களில் ஓடவிடலாம். அந்த நேரத்துக்குத்தான் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறார்கள். அப்புறம், அந்தத் தண்ணீர் வீணாகவும் போவதில்லை. சிங்காராவில் வேலை முடிந்ததும் மாயாற்றில் இன்னொரு பவர் ஹவுஸை ஓட்டிவிட்டு பவானிசாகருக்கு வருகிறது, அங்கிருந்து கோபி வயல்களுக்கும் போகிறது. ஈரோட்டுக்காரர் நீங்கள் இதற்குக் கோபப்படலாமா? ஏரி நிறைந்து பார்க்க வேண்டுமானால் மழைக்காலம் முடிந்த கையோடு போங்கள், கூடலூர் ரோட்டில் ஊட்டியிலிருந்து 20 கிலோமீட்டர்தான்.