வசந்தகால முன்னறிவிப்பில் "இயல்பைவிட வெப்பம்: 50%" என்றால் என்ன? கடலோரத்துக்கு அதை எப்படிப் படிப்பது?

வெயில் 50% கூடும் என்று பொருள் இல்லை. 30 ஆண்டுப் பதிவை (இப்போது பெரும்பாலும் 1991–2020) குளிர்ந்தவை, நடுத்தரமானவை, வெப்பமானவை என மூன்று சம பங்காகப் பிரிப்பார்கள். எந்தத் தகவலும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு சுமார் 33%. 50% என்றால் தராசு வெப்பப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எத்தனை டிகிரி கூடும் என்பதை அந்த எண் சொல்லாது. மீதி 50% மற்ற இரண்டு பங்குக்கும் உரியது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல். நீர் மெதுவாகத்தான் சூடேறும்; குளிர்காலம் முடிந்தும் கடல் பல வாரம் குளிர்ந்தே கிடக்கும். நிலம் பகலில் சூடானதும் முற்பகலில் கடற்காற்று புகுந்து, கரையோர வெப்பத்தைப் பல டிகிரி இறக்கிவிடும். சில கிலோமீட்டர் உள்ளே போனால் அதே நேரத்தில் வெயில் கொளுத்தும். ஈரமான வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த நீர்மேல் வந்தால் கடல்மூடுபனி. பருவ முன்னறிவிப்பைத் தரும் கணினி மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும்; ஒரு கட்டமே பல பத்து கிலோமீட்டர் அகலம் என்பதால் இந்த வேறுபாடு முன்னறிவிப்பு வரைபடத்தில் தெரியாது.

ஆகவே வரைபட நிறத்தோடு, கடற்பரப்பு வெப்பநிலை இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். கடல் இயல்பைவிடச் சூடாக இருந்தால் முதலில் உயர்வது பெரும்பாலும் இரவு வெப்பம். நடவு, படகுப் பயணத் தேதிகளைப் பருவ முன்னறிவிப்பை வைத்துக் குறிக்காதீர்கள். அதற்கு 5 முதல் 7 நாள் முன்னறிவிப்பே சரி.