கேளுங்கள், சொல்கிறோம்: மின்வேலி முதல் வால்முடி மோதிரம் வரை

இந்த மாதம் வந்த கடிதங்களில் யானைதான் அதிகம். அதிலும் வேலி பற்றிக் கேட்டவர்கள் பலர் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: மூன்று ஏக்கரில் மக்காச்சோளமும் வாழையும் போட்டிருக்கிறேன். சூரிய மின்வேலி போட்ட புதிதில் யானை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது வேலி இருக்கும்போதே உள்ளே வந்துவிடுகிறது. போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால் மெஷின் நன்றாகத்தானே ஓடுகிறது என்கிறார். கோளாறு எங்கே? (தாளவாடி வாசகர்)

மெஷின் ஓடுவது வேறு, கம்பியில் அடி இருப்பது வேறு. ‘டிக், டிக்’ சத்தம் கேட்கிறதே என்று நம்பி ஏமாறுபவர்கள் நிறையப் பேர். எனர்ஜைசர் என்கிற அந்த மெஷின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்து ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றி, ஏறத்தாழ நொடிக்கு ஒரு தடவை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்குக் கம்பியில் விடுகிறது. அது யானையின் உடம்பு வழியாக மண்ணில் இறங்கி, எர்த் கம்பி வழியாக மெஷினுக்குத் திரும்பி வந்தால்தான் யானைக்கு உறைக்கும். வழியில் எங்கே தடைபட்டாலும் அது வெறும் கம்பிதான்.

முதலில் எர்த்தைப் பாருங்கள். பெரும்பாலான தோட்டங்களில் ஒரே ஒரு ராடு, அதுவும் இரண்டடி ஆழத்தில் இருக்கும். மழைக்காலத்தில் இது போதும். பங்குனி, சித்திரையில் மண் காய்ந்ததும் பயனற்றுப் போகும். ஆறடி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு மூன்றை, பத்தடிக்கு ஒன்றாக, ஈரம் தங்கும் இடமாகப் பார்த்து இறக்கி ஒன்றோடொன்று இணையுங்கள். கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

அடுத்தது செடி கொடி. கீழ்க்கம்பியில் பச்சைப் புல் தொட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வொரு புல்லும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிடும். மழை பெய்த இரண்டு வாரத்தில் கொடி ஏறிவிடும். வேலியின் இருபுறமும் மூன்றடி அகலத்துக்குச் செதுக்கி வைப்பது வருடத்துக்கு ஒருமுறை செய்கிற வேலை இல்லை, வாரா வாரம் செய்கிற வேலை. பேட்டரியும் அப்படித்தான். டிஸ்டில்டு வாட்டர் குறைந்திருக்கும், முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கும், சோலார் பலகையில் தூசி படிந்திருக்கும். பகலில் நன்றாக அடிக்கிற வேலி யானை வருகிற நடுராத்திரியில் சோர்ந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வேலி வோல்ட்மீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். மெஷினிலிருந்து வேலியைக் கழற்றிவிட்டு மெஷினை மட்டும் அளவெடுங்கள். அதிலேயே குறைந்தால் பேட்டரியோ மெஷினோ பழுது. அது சரியாக இருந்து, வேலியை மாட்டியதும் விழுந்தால் கசிவு. பகுதி பகுதியாகக் கழற்றி அளந்துகொண்டே போனால் உடைந்த இன்சுலேட்டரோ படர்ந்த கொடியோ அகப்பட்டுவிடும். வேலியின் கடைசி மூலையில் 5,000 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் யானை அதைப் பொருட்படுத்தாது.

இத்தனையும் சரியாக இருந்தும் வருகிறது என்றால் அது விஷயம் தெரிந்த யானை. தந்தத்தில் மின்சாரம் ஏறாது. கொம்பன் கம்பியைத் தந்தத்தால் முறுக்கி அறுக்கும். கொம்பில்லாத யானை கம்பியை விட்டுவிட்டுக் கம்பத்தைக் காலால் சாய்க்கும், அல்லது பக்கத்து மரத்தைத் தள்ளி வேலிமேல் போடும். ஆகவே கம்பத்துக்கும் மின்கம்பி சுற்ற வேண்டும். வேலிமேல் விழக்கூடிய மரம் பக்கத்தில் இருக்கக் கூடாது. தொங்கு மின்வேலி இந்த விஷயத்தில் மேல்: கம்பிகள் மேலிருந்து விழுதுபோல இறங்குவதால் உடைக்கக் கம்பம் கைக்கு எட்டாது, நெற்றியிலும் துதிக்கையிலும் அடி விழும். ஆனால் காற்றில் கம்பிகள் சிக்கிக்கொள்ளும், அடிக்கடி பிரித்துவிட வேண்டும்.

வீட்டு மின்சாரத்தை வேலியில் கொடுக்கலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. அது விட்டுவிட்டு வருவதில்லை. 230 வோல்ட் இடைவிடாமல் பாய்ந்து தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். யானையும் சாகும், விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற உங்கள் வீட்டு ஆளும் சாவார். இன்னொன்று: தமிழ்நாட்டில் 2023 முதல் மின்வேலிகளுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. காட்டை ஒட்டிய நிலத்தில் புதிதாகப் போட வனத்துறை அனுமதி வேண்டும். முன்பே போட்டதைப் பதிவு செய்ய வேண்டும்.

மக்காச்சோளம், வாழை, கரும்பு மூன்றும் யானையை அழைக்கிற பயிர்கள். மஞ்சள், இஞ்சி, மிளகாயை அது விரும்பித் தின்னாது, நடக்கிற வழியில் மிதித்துவிட்டுப் போகும், அவ்வளவே. வன எல்லையை ஒட்டிய வரிசையிலாவது பயிரை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் கோயில் யானைக்கு வெள்ளிக்கிழமை தோறும் ஒரு தார் வாழைப்பழமும் சர்க்கரைப் பொங்கலும் கொடுக்கிறோம். பாகன் வேண்டாம் என்கிறார். தவறா? (நெல்லை வாசகி)

பாகன் சொல்வதைக் கேளுங்கள். காட்டில் இருக்கிற யானை ஒரு நாளில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் நடந்துகொண்டும் தின்றுகொண்டும் இருக்கிறது. கோயில் யானை நிற்கிறது. நிற்கிற உடம்புக்குப் பழமும் பொங்கலும் வெல்லமும் போனால் எடைதான் ஏறும். ஏறுகிற எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில் இறங்கும்.

மூன்று டன் யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ பசுந்தீவனம் வேண்டும், அதுவும் கலந்து: சோளத்தட்டை, புல், ஆலந்தழை, அரசந்தழை, கொஞ்சம் கரும்பு. சுலபமாகக் கிடைக்கிறது என்று தென்னை மட்டையையே மூன்று வேளையும் போடுகிற இடங்களில்தான் வயிற்றுக்கட்டு வருகிறது. நார் அதிகம், தண்ணீர் குறைவு, நடை கிடையாது, குடலில் அடைத்துக்கொள்ளும். ஒழுங்காக இருக்கிற யானை ஒரு நாளில் பதினைந்து தடவைக்கு மேல் லத்தி போடும். அரை நாள் போடவில்லை, படுத்துப் படுத்து எழுந்திருக்கிறது, தீவனத்தை முகர்ந்துவிட்டு விடுகிறது என்றால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். எண்ணெய் கொடுத்துப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தக் கூடாது.

லத்தியைப் பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். நார் விரல் நீளத்துக்கும் குறைவாக நசுங்கியிருந்தால் கடைவாய்ப்பல் வேலை செய்கிறது. கயிறு கயிறாக நீளமாக வந்தால் பல் தேய்ந்துவிட்டது. யானைக்கு ஆயுளில் ஆறு தொகுதிக் கடைவாய்ப்பற்கள். ஒன்று தேய்ந்து முன்னால் விழ, அடுத்தது பின்னாலிருந்து நகர்ந்து வரும். ஆறாவதும் அறுபது வயதை ஒட்டித் தேய்ந்துபோனால் பிறகு நறுக்கிய புல்லும் வேகவைத்த கவளமும்தான். முதுமலை தெப்பக்காடு முகாமில் ராகி, கொள்ளு, அரிசி எல்லாம் வேகவைத்து, உப்பு, வெல்லம், தாதுக்கலவை சேர்த்து, யானைக்கு யானை அளவு மாற்றிக் கவளம் உருட்டுகிறார்கள். ருசிக்காக அல்ல, எடையும் வயதும் பார்த்துத்தான் அந்த அளவு.

பாதத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். சிமெண்ட் தரையும் மூத்திர ஈரமும் சேர்ந்தால் நகம் பிளக்கும், உள்ளங்கால் அழுகும். தினமும் தேய்த்துக் கழுவி, நகத்துக்கு இடையில் சிக்கிய கல்லை எடுத்து, வெளிர் ரோஜா நிறத்தில் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரில் காலை வைத்து, உலர்ந்ததும் புண் இருந்தால் ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெய் தடவ வேண்டும். உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று மனதிருந்தால் வாழைத்தாருக்குப் பதில் நிற்கிற இடத்தில் ஒரு லோடு மணல் அடித்துக் கொடுங்கள். தர்ப்பூசணி, வெள்ளரியும் கொடுக்கலாம், பாகன் கையால்.

கேள்வி: திருவிழாவுக்குக் கொம்பன் யானை வரவழைக்கிறோம். மதம் பிடிக்கப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (மார்த்தாண்டம் வாசகர்)

கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னம் புடைத்திருக்கிறதா, அங்கே ஈரக்கோடு இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு பின்னங்கால்களின் உட்புறம்: மதத்தில் மூத்திரம் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும், தோல் நனைந்து நாறும். தெரிந்த சொல்லுக்குக்கூடத் தாமதமாகப் பணிவது இன்னோர் அடையாளம். உடம்பெல்லாம் புழுதியாக இருக்க, கன்னத்தை மட்டும் அப்போதுதான் கழுவி எண்ணெய் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். முன்பணம் போய்விடும் என்று மறைக்கிறவர்கள் உண்டு.

வளர்ப்பு யானைகளுக்கு மதம் இரண்டு மூன்று மாதம் நீடிக்கலாம். நீர் வழிவது நின்ற மறுநாளே ஊர்வலத்துக்கு அனுப்புவதும் ஆபத்து, குணம் திரும்ப மேலும் சில வாரங்கள் ஆகும். மதம் இருக்கும் காலத்தில் நிழலில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், முன்காலும் பின்காலும் தனித்தனி மரத்தில் கட்டி, தூரத்திலிருந்தே குழாயில் தண்ணீர் அடிப்பார்கள். ராகி, அரிசிக் கவளத்தைக் குறைப்பது சரி. பட்டினி போட்டு அடக்குவது பழைய வழக்கம், யானையைக் கெடுக்கும். ஒப்பந்தம் போடும்போது உரிமைச் சான்று, சமீபத்திய மருத்துவச் சான்று, உடம்பில் உள்ள மைக்ரோசிப்பின் எண் மூன்றும் கேளுங்கள். ஏதாவது ஒன்று இல்லையென்றால் யானை இல்லாமலே விழா எடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

கேள்வி: யானை முடி மோதிரம் போட்டால் நல்லதாமே? அசலா என்று எப்படிப் பார்ப்பது? (சேலம் வாசகர்)

அசல் என்றால் குற்றம், போலி என்றால் ஏமாந்தீர்கள். நெருப்பில் காட்டினால் முடி கருகும் நாற்றம் வரும். நைலான் உருகி மணியாகும். கடைவீதியில் கிடைப்பதில் உருகுகிறதுதான் ஏராளம். வால்முடியைப் பிடுங்குகிற இடம் புண்ணாகும், முடி போன வாலால் யானைக்கு ஈ ஓட்டவும் முடியாது. யானை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 1977 முதல் இருக்கிறது. அதன் உறுப்பை விற்றால், வாங்கினால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த தந்தப் பிள்ளையார் ஒன்றும் சதுரங்கக் காய்களும் பெட்டியில் இருக்கின்றன. விற்கலாமா? (காரைக்குடி வாசகர்)

விற்க முடியாது. இந்திய யானைத் தந்த வியாபாரம் 1986 சட்டத் திருத்தத்தோடு முடிந்தது, ஆப்பிரிக்கத் தந்தம் 1991-இல். பழைய பொருள், பர்மாவில் வாங்கியது என்பதெல்லாம் எடுபடாது.

வைத்துக்கொள்வது தனி விஷயம். உரிமைச் சான்றோடு இருந்த பொருள் வாரிசாக வந்தால், வந்த 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். மாவட்ட வன அலுவலகத்தில் வழி சொல்வார்கள். சான்று இல்லாதவர்கள் அறிவிக்க 2003-இல் 180 நாள் அவகாசம் தந்தார்கள். அப்போதும் தாத்தா அறிவிக்கவில்லை என்றால் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு, நீங்களாகவே வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் பாதுகாப்பு.

அதற்கு முன் அது தந்தம்தானா என்று பாருங்கள். பொம்மையின் அடிப்பாகம் போன்ற குறுக்கு வெட்டில் மெல்லிய கோடுகள் இரண்டு திசையிலிருந்தும் வளைந்து வந்து வலைபோலக் குறுக்கிட வேண்டும். சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. கோடுகள் ஒரே சீராக இணையாக ஓடினால் பிளாஸ்டிக். வலையின் வெளி ஓரத்தில் கோடுகள் 115 பாகைக்கு மேல் விரிந்து வெட்டினால் இன்றைய யானை, 90-க்குக் குறைவென்றால் பனிக்கால மாமூத். மாமூத் தந்தம் என்று பெயர் சொல்லி யானைத் தந்தத்தைக் கடத்துவது உலகச் சந்தையில் பழைய தந்திரம், ஆய்வகத்தில் முதலில் அளப்பது இந்தக் கோணத்தைத்தான்.

கேள்வி: இந்தியாவில் 2017-இல் 27,312 யானை, 2025 அறிக்கையில் 22,446. ஐயாயிரம் யானை செத்துவிட்டதா? (கோவை வாசகி)

அப்படிக் கழித்துப் பார்க்கக் கூடாது. முன்பு காட்டைப் பகுதிகளாகப் பிரித்து நடந்து நேரில் எண்ணினார்கள், நேர்கோட்டில் நடந்து லத்தியையும் எண்ணினார்கள். லத்திக் கணக்கில் ஒரு யானை நாளைக்கு எத்தனை தடவை போடும், எத்தனை நாளில் மட்கும் என்ற இரண்டு எண்ணால் வகுக்க வேண்டும். கனமழை பெய்தாலோ வண்டு அரித்தாலோ இரண்டாவது எண் மாறிவிடும், யானை குறைந்ததுபோல் தோன்றும். 2025 அறிக்கை லத்தியின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் குடல் செல்களிலிருந்து டிஎன்ஏ எடுத்து ஒவ்வொரு யானையையும் தனியாக அடையாளம் கண்டு போட்ட கணக்கு. அளவுகோலே வேறு. இனி வரும் கணக்குகளை இதோடுதான் ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் வனத்துறையின் 2025 கணக்கெடுப்பு 3,170 என்றது, டிஎன்ஏ கணக்கு 3,136. நெருங்கித்தான் வருகிறது.

கேள்வி: காலடியை வைத்து யானையின் உயரம் சொல்ல முடியுமா? (வால்பாறை மாணவர்)

முடியும். முன்னங்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிறு வைத்து அளந்து இரண்டால் பெருக்குங்கள். தோள் உயரம் கிடைக்கும். சுற்றளவு 130 செ.மீ. என்றால் யானை ஏறக்குறைய 260 செ.மீ. வட்டமாக இருப்பது முன்கால், நீள்வட்டமாக இருப்பது பின்கால், மாற்றி அளந்துவிடாதீர்கள். சேற்றுத் தடம் விரிந்துபோயிருக்கும், புழுதியில் பதிந்ததையே எடுங்கள். அளக்கும் முன் தடத்தின் ஓரம் எவ்வளவு புதிதாக இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கிடக்கிற லத்தி சூடாக இருந்தால் அளவெடுப்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.