சீனாவில் விற்கவே இல்லை, அங்கே டிரேட்மார்க் எதற்கு?

கேள்வி: கோவையில் பைகள், டிராலி பெட்டிகள் விற்கிறோம். சீனாவில் குவாங்சோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் எங்கள் பிராண்ட் பெயர் போட்டுச் செய்து வாங்குகிறோம். சரக்கு முழுவதும் இந்தியாவுக்குத்தான் வருகிறது. இப்போது ஷாங்காயிலிருந்து ஒரு மெயில் வந்திருக்கிறது. வேறொரு நிறுவனம் எங்கள் பெயரைப் பதிவு செய்யக் கேட்கிறதாம், 7 நாளில் பதில் சொல்லாவிட்டால் அவர்களுக்கே கொடுத்துவிடுவார்களாம். அங்கே எங்களுக்குச் சரக்கு பார்த்து அனுப்பும் ஏஜென்ட், "என் பெயரில் பதிந்துகொள்ளலாம், செலவு குறைவு" என்கிறார். இந்தியாவில் எங்கள் டிரேட்மார்க் பதிவாகியுள்ளது. அது போதாதா?

பதில்: போதாது. இந்தியப் பதிவுக்குச் சீனாவில் எந்த மதிப்பும் இல்லை.

முதலில் அந்த மெயில். அதற்குப் பதிலே போடாதீர்கள். டொமைன் பதிவு நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு, சீனாவுக்கான டாட் சிஎன் இணையதள முகவரியையும் "இன்டர்நெட் பிராண்ட்" என்ற ஒன்றையும் யாரோ கேட்கிறார்கள் என்று பயமுறுத்தும் இந்த மெயில் பல வருடங்களாக உலகம் முழுக்கச் சுற்றுகிறது. இன்டர்நெட் பிராண்ட் என்று சட்டத்தில் ஓர் உரிமையே கிடையாது. ஒருவர் பெயர் கேட்டால் அதை இன்னொருவரிடம் விசாரிக்கும் கடமையும் எந்தப் பதிவு நிறுவனத்துக்கும் இல்லை. நீங்கள் பதறிப்போய் தேவையில்லாத டொமைன்களைப் பல மடங்கு விலைக்கு வாங்க வேண்டும், அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மெயில் பொய். ஆனால் பெயர் பறிபோகும் ஆபத்து நிஜம். அந்தத் திருட்டு நடந்தால் உங்களுக்கு எந்த மெயிலும் வராது.

சீனாவில் பெயரை முதலில் பயன்படுத்தியவர் யார் என்று பார்ப்பதில்லை, முதலில் விண்ணப்பித்தவர் யார் என்றுதான் பார்ப்பார்கள். அரசுக் கட்டணம் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 300 யுவான், ஆன்லைனில் 270. இந்தச் சில்லறைக் காசுக்கு உங்கள் பெயரை ஒருவன் பதிந்துகொண்டு, அங்குள்ள சுங்கத் துறையிலும் பதிவு செய்து வைக்கலாம். சீன சுங்கம் நாட்டுக்குள் வரும் சரக்கை மட்டுமல்ல, வெளியே போகும் சரக்கையும் சோதிக்கும். உங்கள் கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும்போது, பதிந்தவனுக்குத் தகவல் போகும். அவன் 3 வேலை நாட்களுக்குள் பிணைத்தொகை கட்டி நிறுத்தச் சொன்னால் சரக்கு நின்றுவிடும். சரக்கு உங்களுடையது, பிராண்ட் உங்களுடையது, ஆனால் அங்கே போலி தயாரிப்பவர் என்று பெயர் வாங்குவது நீங்கள்.

"ஏற்றுமதிக்கு மட்டும் செய்தால் சிக்கல் இல்லை, நீதிமன்றமே சொல்லியிருக்கிறது" என்று உங்கள் தொழிற்சாலைக்காரர் சொல்வார். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் இதை நம்பித்தான் கோட்டை விடுகிறார்கள். 2015-இல் மெக்ஸிகோவுக்குப் போன 'பிரெட்டுல்' பூட்டுகள் வழக்கில் சீன உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மை. பொருள் சீனச் சந்தைக்கே வராது, எனவே அந்தப் பெயரைப் பொறிப்பது டிரேட்மார்க் பயன்பாடு ஆகாது என்பது அதன் வாதம். ஆனால் 2019-இல் அதே நீதிமன்றம் மியான்மருக்குப் போக இருந்த 'ஹோண்டாகிட்' மோட்டார் சைக்கிள் பாகங்கள் வழக்கில் வேறு மாதிரி சொல்லிவிட்டது. பொருளைக் கொண்டுபோகிறவர்களும் பார்க்கிறார்கள், வெளிநாட்டுக்குப் போகும் சீனர்களும் பார்க்கிறார்கள், இணையத்தில் விற்றால் அது சீனாவுக்கே திரும்பியும் வரலாம். ஆகவே ஏற்றுமதி என்பதற்காகவே விதிவிலக்கு தர முடியாது என்றது. மியான்மர் வாடிக்கையாளரிடம் அங்கே உரிமை இருந்ததாகச் சொன்ன வாதமும் எடுபடவில்லை. இன்றைக்கு நிலைமை வழக்குக்கு வழக்கு மாறும். வழக்கு போட்டு ஜெயிக்கலாம்தான். அதுவரை பள்ளி திறக்கும் சீசனுக்கான பைகள் எங்கே கிடக்கும் என்று யோசியுங்கள்.

ஏஜென்ட் பெயரில் பதிவதா? கூடவே கூடாது. நல்ல மனிதராகவே இருக்கட்டும், நாளைக்குக் கமிஷன் தகராறு வந்தாலோ, நீங்கள் வேறு தொழிற்சாலைக்கு மாறினாலோ, பெயர் அவர் கையில். காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் அங்கே எல்லாம். ஆப்பிள் நிறுவனம் ஐபேட் பெயரை புரோவியூ என்ற கம்பெனியின் தைவான் நிறுவனத்திடம் வாங்கியது. ஆனால் சீனப் பதிவு அதே புரோவியூவின் ஷென்சென் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. விளைவு, 2012-இல் 6 கோடி டாலர் கொடுத்துத்தான் சமரசம் ஆனது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி.

இன்னொரு வகை இடைத்தரகர் ஹாங்காங்கில் பதிந்து கொடுத்துவிட்டு "சீனா முழுவதும் செல்லும்" என்பார். செல்லாது. ஹாங்காங் பதிவு தனி, சீனப் பெருநிலப் பதிவு தனி. சான்றிதழைக் கொடுத்தது சீன தேசிய அறிவுசார் சொத்துரிமை நிர்வாகம்தானா என்று பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியது. வெளிநாட்டு நிறுவனம் அங்கே நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, பதிவு பெற்ற சீன முகமை வழியாகத்தான் முடியும். விண்ணப்பதாரர் இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயர்தான் இருக்க வேண்டும். பைகள் 18-வது வகுப்பில் வரும். ஆனால் சீனாவில் ஒவ்வொரு வகுப்பையும் உட்பிரிவுகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அதே 18-இல் குடை வேறு உட்பிரிவு. நீங்கள் பைக்கு மட்டும் பதிந்தால், உங்கள் பெயரிலேயே குடைக்கு இன்னொருவர் பதிந்துவிடலாம். அதனால் வேண்டிய உட்பிரிவுகளை எல்லாம் முதல் விண்ணப்பத்திலேயே கேளுங்கள். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதிவு கேட்கும் மாட்ரிட் முறையில் இந்தியாவிலிருந்தேயும் விண்ணப்பிக்கலாம்தான், ஆனால் இந்த உட்பிரிவு விஷயம் அதில் உங்கள் கையில் இருக்காது. எனக்கு நேரடி விண்ணப்பம்தான் பிடிக்கும். பதிவு 10 ஆண்டுக்கு நிற்கும்.

கெட்ட எண்ணத்தோடு பதிவதைத் தடுக்க 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்லதுதான், ஆனால் சுமை இன்னும் பறிகொடுத்தவர் தலையில்தான். தன் சொந்தப் பெயர் தன்னுடையது என்று நிரூபிக்க ஒரு சிறு வியாபாரி ஆவணம் ஆவணமாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இன்றே சீன அறிவுசார் சொத்துரிமை நிர்வாகத்தின் இணையதளத்தில் உங்கள் பெயரைத் தேடச் சொல்லுங்கள். புது விண்ணப்பங்கள் தேடலில் தெரியச் சில வாரங்கள் ஆகும், எனவே அடுத்தடுத்த மாதங்களிலும் தேட வேண்டும். ஏஜென்டோ தொழிற்சாலையோ ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால், டிரேட்மார்க் அரசிதழில் அதன் அறிவிப்பு வெளியான 3 மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம். பதிவாகிவிட்டால் 5 ஆண்டுக்குள் ரத்து கேட்கலாம். முகவர் தன் முதலாளியின் பெயரை அனுமதியின்றிப் பதிவதைச் சட்டம் தனியாகவே தடுக்கிறது. அதற்கு அவர் உங்களுக்காக வேலை செய்தார் என்பதைக் காட்டும் ஆர்டர், ரசீது, வீசாட் (சீனர்களின் மெசேஜ் செயலி) உரையாடல் எல்லாம் வேண்டும். வீசாட் உரையாடல் போனில்தான் இருக்கும், போனை மாற்றினால் போய்விடும். ஏஜென்டிடம் இந்தப் பேச்சை எடுப்பதற்கு முன்பே அதைப் பிரதி எடுத்து வையுங்கள்.