முதலில் மலை, அப்புறம் போர்க்களம்

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். அக்டோபரில் வியாழன் முதல் ஞாயிறு வரை லீவு. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், முழங்கால் வலியால் அதிகம் நடக்க முடியாது. மகனுக்கு 14 வயது, மகளுக்கு 8. ஷெனாண்டோவா மலையின் இலை நிறங்களையும் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த களங்களையும் காரில் ஒரே சுற்றில் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். வீட்டுக்குப் பக்கம் என்று பலரும் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தை முதலில் முடித்துவிட்டு மலைக்குப் போகிறார்கள். நீங்கள் மாற்றிப் போங்கள். கெட்டிஸ்பர்க் போருக்கு முன், 1863 ஜூனில் ஜெனரல் லீ தன் தென் மாநிலப் படையை வடக்கே நடத்திப் போனது, ப்ளூ ரிட்ஜ் மலைக்கு மேற்கே இருக்கும் ஷெனாண்டோவா பள்ளத்தாக்கு வழியாகத்தான். கிழக்கே இருந்த எதிரிப் படையின் கண்ணில் படாமல் மலை மறைத்துக்கொண்டது. மலைச் சாலையில் மேற்குப் பார்த்த ஓர் இடத்தில் நின்று மகனுக்கு அதைக் காட்டிவிடுங்கள். கெட்டிஸ்பர்க்கில் பாதிக் கதை அவனுக்கே புரிந்துவிடும்.

வியாழனன்று நேராக, மலைச் சாலை தொடங்கும் ஃப்ரன்ட் ராயல் ஊருக்குப் போய்த் தங்குங்கள். மலையை வெள்ளிக்கிழமையே பார்த்துவிட வேண்டும். அக்டோபர் சனி, ஞாயிறுகளில் நுழைவாயிலிலேயே கார்கள் வரிசை கட்டி நிற்கும். கொலம்பஸ் தின வார இறுதி வேண்டவே வேண்டாம். நிறம் உச்சிக்கு வருவது பெரும்பாலும் மாதத்தின் நடுவிலிருந்து கடைசிக்குள். மேலே முதலில் மாறும், அடிவாரத்தில் பிறகு.

ஸ்கைலைன் டிரைவ் என்ற அந்த மலைச் சாலை மொத்தம் 105 மைல், வேக வரம்பு மணிக்கு 35 மைல்தான். முழுவதும் ஓட்ட வேண்டியதில்லை. பிக் மெடோஸ் வரை 51 மைல் போய், அங்கிருந்து திரும்பி தார்ன்டன் கேப் கணவாய் வழியாக லூரே ஊருக்கு இறங்கி இரவு தங்கினால் போதும். வழியெங்கும் காரை நிறுத்திப் பார்க்க இடம் உண்டு, அம்மா இறங்காமலேயே ரசிக்கலாம். கொஞ்சம் நடக்க ஆசைப்பட்டால் லிம்பர்லாஸ்ட் பாதை சமதளமானது, வழியில் பெஞ்சுகளும் உண்டு. வளைவுகள் அதிகம் என்பதால் வாந்தி வரும் பிள்ளையை முன்கூட்டியே கவனியுங்கள். டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள், மேப்பையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம், ஆனால் மிச்சத்தை வெளியே வைக்காதீர்கள். கரடி நடமாடும் காடு.

சனிக்கிழமை ஆன்டீட்டம் போர்க்களம். மானசஸ், ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்று மற்ற போர் இடங்களையும் வழியில் அடுக்கிக்கொண்டே போகாதீர்கள், பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். 1862 செப்டம்பர் 17 அன்று ஒரே நாளில் இங்கே இரு தரப்பிலும் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து ஏறக்குறைய 23,000 பேர். காரிலேயே சுற்றும் பாதை எட்டரை மைல். 'ப்ளடி லேன்' என்ற இடத்தில் மட்டும் கட்டாயம் இறங்குங்கள். வண்டிச் சக்கரங்கள் பல ஆண்டு ஓடி ஓடிப் பள்ளமான வெறும் பண்ணைப் பாதை அது. அதையே தென் படையினர் பதுங்குகுழியாக்கினார்கள். வட படை பக்கவாட்டில் ஏறி வந்ததும் உள்ளே இருந்தவர்களுக்கு அதுவே பொறியாகிவிட்டது. மகனை உள்ளே நிற்கச் சொல்லி, கரையை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அன்றிரவே கெட்டிஸ்பர்க் போய்விடுங்கள். ஞாயிறு காலைக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை இப்போதே பதிவு செய்யுங்கள். உங்கள் காரிலேயே ஏறி, அவரே ஓட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் கதை சொல்வார். உங்கள் அம்மாவுக்கு இதைவிட வசதி கிடையாது. உங்கள் வண்டியில் அவருக்கு ஒரு சீட் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மகளுக்குப் பார்வையாளர் மையத்தில் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் வாங்கிக் கொடுங்கள், முடித்தால் பேட்ஜ் தருவார்கள். டெவில்ஸ் டென் பாறைகளில் இருவரும் ஏறி விளையாடட்டும். ஆனால் மூன்று நாளில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் செத்தும் காயப்பட்டும் காணாமலும் போன மண் அது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீட்டில் இருக்கலாம்.