பாட்டை விற்றீர்களா, உரிமையையுமா?

கேள்வி: என்னுடைய மூன்று பொப் பாடல்களை ஓர் இசைக்குழு யூரியூப்பில் வெளியிட்டது. ஒரு தொகை தந்தார்கள்; என் பெயரைப் போடவில்லை. மேல்நாட்டுப் பாடலாசிரியர்கள் கோடிக்கணக்கில் உழைக்கிறார்களே, நானும் இதையே முழுநேரத் தொழிலாக்கலாமா?
(வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: ஆக்கலாம், ஆனால் நீங்கள் செய்தது அந்தத் தொழில் அல்ல. மேல்நாட்டுப் பாடலாசிரியரை வாழவைப்பது எழுதிக்கொடுத்த அன்று கைக்கு வரும் தொகையல்ல; அப்பாடல் வானொலியில் ஒலிக்கும்போதும், மேடையில் பாடப்படும்போதும், இணையத்தில் கேட்கப்படும்போதும் அவர் கணக்கில் சேரும் பங்கே. அந்தப் பங்கைத் திரட்டித் தருவதற்காகவே அமெரிக்காவில் 1914இல் அஸ்காப் என்னும் சங்கம் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவினரின் பாடல் உரிமைகளை வைத்திருந்த நிறுவனமே 1969இல் பிறர் கைக்குப் போனது என்றால், கவனம் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள்.

நீங்கள் எந்தத் தாளிலாவது கையொப்பமிட்டீர்களா? கேள்வியில் அதைச் சொல்லவேயில்லை. மற்றதெல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாடல் எழுதப்பட்ட கணத்திலேயே, எங்கும் பதியாமலே, பதிப்புரிமை உங்களுடையதாகிவிடுகிறது. உங்கள் ஆயுளுக்குப் பின்னரும் 70 ஆண்டுகள் அது நீடிக்கும். இரு தரப்பும் கையொப்பமிட்ட எழுத்து ஆவணம் இல்லாமல் அது கைமாறாது. பெயரைக் குறிப்பிடுமாறு கேட்பதும் உங்கள் உரிமையே, கெஞ்ச வேண்டியதில்லை.

நம் நாட்டுப் பொப்பிசையில் நித்தி கனகரத்தினம் போன்றோர் தாமே எழுதித் தாமே பாடியதால் பெயர் தொலையவில்லை. எழுதுபவர் ஒருவரும் பாடுபவர் இன்னொருவருமாகிய இன்றோ, பாடியவரின் முகம் மட்டும் திரையில் மிஞ்சுகிறது. ஆகவே அடுத்த பாட்டுக்கு முன், வரி யாருடையது, மெட்டு யாருடையது, வருமானத்தில் யாருக்கு என்ன பங்கு என்று ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்பார்கள், நண்பர்களுக்குள்தான் வேண்டும்.

முழுநேரம் என்பதைச் சற்றுத் தள்ளிவையுங்கள். கோயில் திருவிழாப் பாட்டும், வெளிநாட்டு உறவுகள் கேட்கும் பூப்புனித நீராட்டு விழாப் பாட்டுமே வன்னியில் இன்று கிடைக்கக்கூடிய வேலை. இரண்டிலும் ஒருமுறைக் கூலிதான். வேறொரு வருமானம் கையில் இருந்தால்தான் மோசமான ஒப்பந்தத்தை மறுக்க முடியும்.

இன்னொன்று: நீங்கள் அனுப்பிய வரிகளில், பாடகர் நீட்டிப் பாடவேண்டிய பல்லவி முடிவுகள் எல்லாம் குறிலிலும் வல்லின மெய்யிலும் போய் முட்டுகின்றன. நெடிலை அங்கே வைத்து, மெட்டோடு வாய்விட்டுப் பாடிப் பார்த்துத் திருத்துங்கள்.