அப்பாவின் ஆத்துமா எங்கே போயிற்று?

கேள்வி: பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் அப்பா இருபது வருடமாக எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி நடத்தியவர். போன வருடம் பைக் விபத்தில் தலையில் அடிபட்டது. நெற்றிக்குப் பின்னால் மூளையில் காயம் என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். பிழைத்துவிட்டார், ஆனால் ஆளே மாறிவிட்டார். தொட்டதற்கெல்லாம் கோபம், கெட்ட வார்த்தை. ஜெபம் என்றாலே எழுந்து போய்விடுகிறார். சபையில் ஒரு அத்தை, "இது பிசாசு" என்கிறார். கூடப் படிக்கும் நண்பனோ பினியஸ் கேஜ் கதையைச் சொல்லி, "ஆத்துமா என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் மூளைதான்" என்கிறான். அவனுக்குப் பதில் சொல்வது இருக்கட்டும், எனக்கே பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, நாசரேத்

பதில்: அன்பு மகளே,

அத்தை சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். மத்தேயு 4:24ஐ எடுத்துப் பார். இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களில் பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் (வலிப்பு நோயாளிகள்), திமிர்வாதக்காரர் (பக்கவாதம் வந்தவர்கள்) என்று தனித்தனியாகவே எழுதியிருக்கிறது. நோய் வேறு, பிசாசு வேறு என்று வேதாகமத்துக்குத் தெரியும். ஸ்கேனில் தெரிகிற காயத்தைச் சுமந்துகொண்டிருக்கும் மனிதர் மேல் அந்தப் பெயரையும் ஏற்றுவது கொடுமை. அத்தையிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாக, அம்மாவையே சொல்லச் சொல்.

இனி உன் நண்பன். அவன் சொன்ன கதை உண்மைதான். 1848 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில் பாதைக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்க்கும் வேலை. வெடிமருந்தைக் கெட்டிக்கும் ஆறு கிலோ இரும்புக் கம்பி கேஜின் இடது கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. அவர் பிழைத்தார். ஆனால் குணம் மாறியது. "இவர் பழைய கேஜே இல்லை" என்று நண்பர்கள் சொன்னதாக அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ பின்னாளில் எழுதினார். வகுப்பில் கதை பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். அப்புறம் அவர் தென் அமெரிக்காவில் சிலி நாட்டுக்குப் போய், பல வருடம் குதிரைக் கோச்சு வண்டி ஓட்டிப் பிழைத்தார். பயணிகளையும் குதிரைகளையும் பொறுமையோடு கையாள வேண்டிய வேலை அது. நண்பனுக்குச் சொல்கிறாயோ இல்லையோ, இதை நீ மனதில் வைத்துக்கொள். உன் அப்பாவுக்கு அடிபட்டு ஒரு வருடம்தான் ஆகிறது.

மூளையில் அடிபட்டால் மனமும் அடிபடும். இதை ஒப்புக்கொள்ள நாம் பயப்படவே வேண்டாம். 1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தேவதூதன் வருகிறான். வந்து பிரசங்கமா பண்ணினான்? தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் தூங்கினார். தூதன் மறுபடி வந்து மறுபடி சாப்பிடச் சொன்னான். கண்ணுக்குத் தெரியாத உலகத்திலிருந்து வந்தவன், பசியையும் தூக்கத்தையும்தான் முதலில் கவனித்தான்! எனக்கு இந்த அதிகாரம் ரொம்பப் பிடிக்கும். ஆவிக்குரிய உலகம் உண்டு என்று நம்புகிறவனுக்கு உடம்பு அற்பமாகிவிடாது.

சரி, மூளை இல்லாமல் முடியாது என்பதால் மூளைதான் எல்லாம் என்று ஆகிவிடுமா? மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற மூளை அறுவை நிபுணர் இருந்தார். வலிப்பு நோயாளிகள் விழித்திருக்கும்போதே மூளையைத் திறந்து, மின்முனையால் தொட்டுப் பார்ப்பார். ஓரிடத்தில் தொட்டால் கை தானாக அசையும். நோயாளியைக் கேட்டால், "நான் அசைக்கவில்லை, நீங்கள்தான் அசைத்தீர்கள்" என்பார். தொட்டவுடன் ஒருவரைத் தீர்மானிக்கவோ நம்பவோ வைக்கும் இடம் எதுவும் அவருக்கு அகப்படவில்லை. எல்லாவற்றையும் மூளையைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று தொடங்கியவர், மூளையை மட்டும் வைத்து மனதை விளக்க முடியாது என்ற முடிவுக்கு வந்து, 1976இல் இறந்தார். அந்த முடிவை ஏற்காத விஞ்ஞானிகள் நிறைய உண்டு. இதை ஆத்துமாவுக்கு நிரூபணம் என்று தூக்கிக்கொண்டு போகாதே. ஆனால், "அளக்க முடிந்தது மட்டுமே உண்டு" என்பது எந்தக் கருவியும் அளந்து சொன்ன முடிவல்ல. உன் நண்பனின் நம்பிக்கை அது. உனக்கு ஒரு நம்பிக்கை இருப்பதுபோல அவனுக்கும் ஒன்று.

ஆத்துமாவின் எடை 21 கிராம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பிடித்துக்கொள்ளாதே. மக்டூகல் என்ற டாக்டர் சாகும் தறுவாயில் இருந்த ஆறு பேரைத் தராசில் வைத்துப் பார்த்து 1907இல் வெளியிட்டதில், ஒரே ஒருவரிடம் கிடைத்த எண் அது. எடை போட முடிந்தால் அதுவும் இன்னொரு பொருளாகத்தானே ஆகும்?

உன் பயத்துக்கு வருகிறேன். அப்பாவுடைய விசுவாசம் அவருடைய ஞாபகத்திலும் நிதானத்திலும் மட்டுமே இருந்ததென்றால், அடிபட்ட அன்றே அது போயிருக்கும். ஆனால் பவுல், "உங்கள் ஜீவன் கிறிஸ்துவுடனேகூட தேவனுக்குள் மறைந்திருக்கிறது" என்கிறார் (கொலோசெயர் 3:3). இருபது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த மனிதரைப் பத்திரமாக வைத்திருப்பது அவருடைய மூளை அல்ல, தேவன். ஜெபிக்கத் தெரியாதபோது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. என் அண்ணன் பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடந்த எட்டு மாதமும் நான் பிடித்துக்கொண்டிருந்த வசனம் இது. நாம் காத்திருப்பது உடம்பைவிட்டுத் தப்பியோடும் ஆவிக்காகவும் அல்ல. உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்கள் முன்னால் பொரித்த மீன் சாப்பிட்டார். உன் அப்பாவின் அந்த மூளையும் சரியாகும் நாள் உண்டென்று நான் நம்புகிறேன்.

அதுவரை அவரை ஜெபிக்கச் சொல்லி வற்புறுத்தாதே. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார். நரம்பியல் டாக்டரை விடாமல் பாருங்கள். கோபம் எந்த நேரத்தில் வருகிறது, முந்தைய இரவு எவ்வளவு தூங்கினார் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும். அப்புறம், அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்குகிறார்களா? உன் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தில் எழுது.