அச்சுப் பூவுக்கு வண்ணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செம்பருத்தி ரப்பர் ஸ்டாம்ப் வைத்துப் பொங்கல் வாழ்த்து அட்டை செய்கிறேன். வாட்டர் கலர் பட்டதுமே கறுப்புக் கோடு கரைந்து இதழெல்லாம் சாம்பல் நிறமாகிறது. பிரஷ்ஷை மாற்றியும் சரியாகவில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: குறை பிரஷ்ஷில் இல்லை, மையில்தான். ஆபீஸ் முத்திரைக்கு வைக்கும் ஸ்டாம்ப் பேட் சீக்கிரம் உலரக் கூடாது என்பதால் அந்த மையில் கிளிசரின் போன்றவை சேர்ந்திருக்கும். அதனால் தாளில் காயவும் நேரமாகும். காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். வாட்டர் கலருக்கு ‘ஆர்க்கைவல்’ அல்லது ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்ட பேட் வேண்டும். முதலில் ஒரு துண்டுத் தாளில் அச்சிட்டு, பத்து நிமிடம் காயவிட்டு, ஈர பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். கலங்காவிட்டால் மட்டும் அட்டைக்குப் போங்கள்.

தாள் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கட்டும். சொரசொரப்பான கோல்ட் பிரஸ் தாளில் கோடு விட்டுவிட்டு விழும். வழவழப்பான ஹாட் பிரஸ்தான் பூ அச்சுக்கு ஏற்றது. நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிவிட்டால் தாள் சுருளாது.

செம்பருத்திக்கு ஐந்து இதழ். பக்கத்துப் பக்கத்து இதழ்களை ஒரே நேரத்தில் நனைத்தால் நிறம் எல்லை தாண்டிவிடும். 1, 3 முதலில், அவை காய்ந்ததும் 2, 4, கடைசியில் 5. இதழ் முழுக்கச் சுத்தமான தண்ணீர் தடவுங்கள். ஈரம் பளபளக்க வேண்டும், தேங்கக் கூடாது. 4ஆம் எண் பிரஷ்ஷின் நுனியில் சிவப்பைத் தொட்டு இதழின் அடியில் வைத்தால், அதுவே விளிம்பை நோக்கி ஓடி மங்கும். காய்ந்த பிறகு அடிப்பக்கம் மட்டும் மெரூனில் இன்னொரு பூச்சு. நிழலுக்குக் கறுப்பு சேர்க்காதீர்கள், சிவப்பின் உயிர் போய்விடும். பாதி காய்ந்த இதழைத் தொடவே வேண்டாம்: புதிதாகப் போகும் தண்ணீர் பழைய நிறத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் மாதிரித் திட்டு விழும். நடுத்தண்டின் மஞ்சள் புள்ளிகளை எல்லாம் காய்ந்தபின் போஸ்டர் கலரில் வையுங்கள். வாட்டர் கலர் மஞ்சள் சிவப்பின் மேல் எடுபடாது.

கேள்வி: வாட்டர்ப்ரூஃப் பேட்தான் வாங்கினேன். ஆல்கஹால் மார்க்கர் போட்டால் அதுவும் இழுபடுகிறதே?
– வாசகர், மதுரை

பதில்: தண்ணீருக்கு அசையாத மைகளில் பல ஆல்கஹாலில் கரைந்துவிடும். மார்க்கருக்கு ‘மெமெண்டோ’ போன்ற டை இங்க் (சாய மை) பேட் வாங்குங்கள். அதன் மேல் தண்ணீர் மட்டும் படக்கூடாது. ஆக, எதால் வண்ணம் தீட்டப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகே பேட் வாங்க வேண்டும். கறை பிடித்த மார்க்கர் முனையைக் கழிவுத் தாளில் கிறுக்கினால் சுத்தமாகிவிடும். வெளிர், நடு, அடர் என்று மூன்று சாயல் போட்டு, ஈரம் இருக்கும்போதே மறுபடி வெளிர் சாயலால் எல்லையைத் தேயுங்கள். கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்பே நிறுத்துங்கள், மிச்சத்துக்கு மை தானே பரவும். பின்பக்கம் ஊறும் என்பதால் அடியில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காப்புக் கட்டும் ஆவாரம்பூவை அட்டையில் வரைகிறேன். மஞ்சளுக்கு ஊதா நிழல் கொடுத்தால் அழுக்காகத் தெரிகிறது.
– வாசகி, ஈரோடு

பதில்: மஞ்சளும் ஊதாவும் எதிர் நிறங்கள், கலந்தால் சேற்று நிறம்தான் வரும். ஆரஞ்சில் தொடங்கி, இதழ் சேரும் இடத்தில் மட்டும் துளி பழுப்பு வையுங்கள். கலர் பென்சிலானால் மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை. முதலிலேயே அழுத்தினால் மெழுகு தாளை அடைத்து, அடுத்த நிறம் வழுக்கும்.

கேள்வி: அச்சிட்ட ஈர மையில் தூவி, உருக்கிக் கோட்டை மேடாக்கும் எம்பாசிங் பவுடரை ஹேர் டிரையரால் உருக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: முடியாது. அதில் காற்று அதிகம், சூடு போதாது. பவுடர் பறக்கும், உருகாது. அதிகச் சூட்டுக் காற்றை வீசும் ஹீட் கன் என்ற கருவி வேண்டும். பவுடர் பளபளத்தவுடன் நகர்த்திவிடுங்கள். மேலும் சூடு பட்டால் தாளுக்குள் இறங்கிக் கோடு தட்டையாகும். சரியாக உருகி மேடிட்ட கோடு வயல் வரப்பு மாதிரி வாட்டர் கலரை உள்ளேயே நிறுத்தும். கை நடுங்கும் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இந்த முறையைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். சூடு காட்டுவதை மட்டும் கை நடுங்காத பெரியவர் ஒருவர் செய்யட்டும். அட்டை ஆறிய பிறகு வண்ணத்தைத் தொடங்கலாம்.